பிராய்லரா, பாக்கெட்டா, நாட்டுக்கோழியா, ஆட்டுக்கறியா? தடைக்காலத்தில் கறி வாங்குவோருக்கு ஓர் ஒப்பீடு

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் ஏப்ரல் 15 அன்று விசைப்படகுகளைக் கரையில் கட்டினால் ஜூன் 14 வரை, 61 நாள், அவை கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகும் கரைவலையும் கொண்டுவரும் மீன் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த விலைக்கு நகரையும் விளமீனும் வாரம் மூன்று நாள் வாங்குவது எல்லார் வீட்டுக்கும் கட்டுப்படியாகாது. அதனால் எங்கள் ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து மண்டபம் வரைக்கும், இந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரைக்கும் மீன்சட்டியை எடுத்து வைத்துவிட்டுக் கறிச்சட்டியை ஏற்றுகிற காலம் இது. வெயில் மண்டையைப் பிளக்கிற காலமும் இதுதான்.

இந்த இரண்டு மாதத்தில் வாசகர்களிடமிருந்து வரும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கின்றன. "பிராய்லர்ல ஆன்டிபயாடிக் இருக்காமே, ஆட்டுக்கறிக்கு மாறிடலாமா?" "பாக்கெட்டில் ஆன்டிபயாடிக் இல்லாததுன்னு போட்டிருக்கான், கூட நாற்பது ரூபாய் கொடுக்கலாமா?" "நாட்டுக்கோழி வாங்கினா பயமில்லைதானே?" மூன்றுக்கும் ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒற்றை வார்த்தையில் சொல்ல முடியாததால் இந்தக் கட்டுரை.

ஒரு விஷயத்தை முதலிலேயே தள்ளிவைத்துவிடுகிறேன். 'கோழிக்கு ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறார்கள்' என்பது வதந்தி. பல்லாயிரம் கோழி இருக்கும் கொட்டகையில் ஒவ்வொன்றையும் பிடித்து ஊசி போட்டால் கூலிகூடத் தேறாது. பிராய்லர் ஆறு வாரத்தில் இரண்டு கிலோ வருவது வேகமாக வளரும் இனங்களைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியதாலும் தீவனத்தாலும். ஆன்டிபயாடிக் விஷயம் அப்படி அல்ல, அது நிஜம்.

## மூன்று பயத்தைத் தனித்தனியாகப் பிரிப்போம்

எல்லாரும் 'மருந்து' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவதால்தான் முடிவெடுக்க முடியாமல் போகிறது. உள்ளே மூன்று தனி விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, மருந்து மிச்சம். கொடுத்த ஆன்டிபயாடிக் உடம்பைவிட்டு வெளியேறும் முன்பே அறுத்துவிட்டால் கறியில் கொஞ்சம் தங்கிவிடும். ஒவ்வொரு மருந்துக்கும் 'கடைசியாகக் கொடுத்த பிறகு இத்தனை நாள் அறுக்கக் கூடாது' என்று ஒரு கணக்கு உண்டு. அந்த இடைவெளியை விட்டால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. விடாவிட்டால், சமைத்தாலும் முழுதாகப் போகும் என்று நம்ப முடியாது. சில மருந்துகள் கொதியில் குறையும், சில அப்படியே நிற்கும். பல மருந்துகள் சதையைவிட ஈரலிலும் சிறுநீரகத்திலும்தான் கூடுதலாகத் தேங்கும். டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014-இல் தலைநகர்ப் பகுதியில் 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்து, நூற்றுக்கு 40-இல் மருந்து மிச்சம் இருந்ததாகச் சொன்னது இதைத்தான்.

இரண்டாவது, சாதாரணக் கிருமி. சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர், ஈ.கோலை போன்றவை. கோழியும் ஆடும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும்போதே அவற்றின் குடலில் இவை இருக்கும். அறுக்கும்போது குடலிலிருந்தும் தோலிலிருந்தும் கறிக்கு வருகின்றன. முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கெட்ட வாடையைக் கிளப்புவது வேறு கிருமிகள். வயிற்றைக் கலக்குகிற கிருமிக்கு வாடை கிடையாது.

மூன்றாவது, மருந்துக்கு மசியாத கிருமி. மேலே சொன்ன அதே கிருமிகள்தான், ஆனால் ஆன்டிபயாடிக்கைப் பார்த்துப் பார்த்துப் பழகிப்போனவை. 2015 நவம்பரில் சீனாவிலிருந்து வந்த ஆய்வு ஒன்று உலகம் முழுக்கப் பேசப்பட்டது. கொலிஸ்டின் என்பது வேறு எதுவும் பலிக்காதபோது தீவிர சிகிச்சைப் பிரிவில் கொடுக்கிற கடைசி மருந்துகளில் ஒன்று. அதையே முறிக்கும் மரபணு, சந்தைகளில் விற்ற பன்றி, கோழி இறைச்சி மாதிரிகள் 523-இல் 78-இலிருந்த ஈ.கோலை கிருமிகளில் கிடைத்தது. அந்த மரபணு ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது. இந்தியாவில் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதை 2019 ஜூலையில் தடை செய்தார்கள்.

இங்கே பலர் தவறவிடும் ஒரு விஷயம்: மருந்துக்கு மசியாத கிருமி, நெருப்புக்கு மசிந்துவிடும். கறியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால் சாதாரண சால்மோனெல்லா எப்படிச் சாகுமோ அப்படியே இதுவும் சாகும். நம் ஊரில் கறியை அரைவேக்காட்டில் யாரும் இறக்குவதில்லை. அதனால் குழம்பில் பயமில்லை. பச்சைக்கறி தொட்ட கையிலும், கட்டையிலும், அருவாமனையிலும், கழுவிய தண்ணீரிலும்தான் பயம். அங்கிருந்து வாய்க்குப் போனால் உடனே காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வர வேண்டும் என்பதுகூட இல்லை. சத்தமில்லாமல் குடலில் தங்கி, அங்கே இருக்கிற மற்ற கிருமிகளுக்கும் அந்த மரபணுவைக் கொடுத்துவிட்டு, என்றோ ஒருநாள் வரும் சிறுநீர்த் தொற்றில் 'இந்த மாத்திரை கேட்கவில்லையே' என்று மருத்துவர் சொல்லும்போதுதான் தெரியவரும்.

2019-ஆம் ஆண்டில் மட்டும் இப்படி மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்களால் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக 2022-இல் 'லான்செட்' இதழில் வந்த கணக்கு சொல்கிறது. அத்தனைக்கும் கோழிக்கடையைக் கைகாட்டுவது நியாயமில்லை. சளிக்கு மெடிக்கல் ஷாப்பில் மூன்று மாத்திரை வாங்கி விழுங்கும் நம் பழக்கத்துக்கும் அதில் பங்கு உண்டு.

## எதை வைத்து எடைபோடுவது

நான் பார்ப்பது இவற்றை. அந்த உயிருக்கு என்ன மருந்து போயிருக்கும்? அறுத்த இடம் எப்படி? அறுத்ததிலிருந்து அடுப்பு ஏறும்வரை எத்தனை நேரம், என்ன வெயில்? உங்கள் வீட்டு அடுப்படியும் ஃப்ரிட்ஜும் எந்த நிலையில்? யார் சாப்பிடப்போகிறார்கள்? கடைசியாக, சட்டியில் விழும் எடைக்கு உண்மையில் என்ன விலை?

இதில் இரண்டாவதற்கு மற்ற ஊர்க்காரர்களைவிட நான் கூடுதல் மதிப்பெண் வைக்கிறேன். காரணம் தண்ணீர். குடம் கணக்கில் விலைக்குத் தண்ணீர் வாங்கும் ஊர்கள் நிறைய உள்ள கடற்கரை இது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் எல்லா நாளும் எல்லாக் குழாயிலும் வருவதில்லை. குடிக்கவே கணக்குப் பார்க்கிற தண்ணீரை ஒரு கறிக்கடைக்காரர் எவ்வளவு தாராளமாகக் கட்டையில் ஊற்றிக் கழுவுவார்?

## தெருமுனைக் கோழிக்கடை: கண்முன்னே அறுக்கும் பிராய்லர்

பல்லடம், திண்டுக்கல் பக்கங்களில் வளர்ந்து ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் வரும் கோழிதான் இங்கே பெரும்பாலும். ஒப்பந்த முறையில் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் நிறுவனம் கொடுக்கும்; பண்ணைக்காரருக்கு வளர்ப்புக்கூலி. ஆகவே 'இதுக்கு என்ன மருந்து போட்டீங்க' என்று கடைக்காரரைக் கேட்டுப் பயனில்லை, அவருக்குத் தெரிய வழியே இல்லை.

மருந்து என்ற அளவுகோலில் நான்கு வழிகளிலும் சந்தேகத்துக்கு அதிகம் இடம் கொடுப்பது இதுதான். நெருக்கமாக வளரும் கொட்டகையில் ஒன்றுக்குச் சளி பிடித்தால் எல்லாவற்றுக்கும் பிடிக்கும், அதனால் குடிதண்ணீரிலேயே மருந்தைக் கலந்து மொத்தத்துக்கும் கொடுத்துவிடுவார்கள். கோழிக்குக் கொடுக்கும் என்ரோஃப்ளாக்சசினும் நாம் சாப்பிடும் சிப்ரோஃப்ளாக்சசினும் ஒரே குடும்பம். கோழிக்கு அதைக் கொடுத்ததால் மனிதருக்கு வரும் கேம்பைலோபாக்டர் சிப்ரோவுக்கு மசிய மறுக்கிறது என்று பார்த்துத்தான் அமெரிக்காவில் 2005-இல் கோழிக்கு என்ரோஃப்ளாக்சசினைத் தடை செய்தார்கள். தீவனத்தில் வளர்ச்சிக்காகச் சிறு அளவு ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 தொடக்கத்திலேயே முழுதாக நிறுத்திவிட்டது.

இனி கடை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஒரு கடை முன் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். கழுத்தை அறுத்து நீல டிரம்மில் போடுகிறார்கள். துடிப்பு அடங்கியதும் தோலை உரித்து, குடலை உருவி, புளியமரக் கட்டையில் வெட்டி, வாளியில் ஒரு முக்கு முக்கிப் பையில் போடுகிறார்கள். காலையில் நிரப்பிய அந்த வாளித் தண்ணீர் பத்து மணிக்கு ரோஸ் நிறத்தில் இருக்கும். அதில் முக்குவதைக் கழுவுவது என்று சொல்ல முடியாது. முப்பது கோழியின் கிருமியை முப்பத்தோராவது கோழிக்கும் பங்கு பிரிக்கிறார்கள். தோலை உரித்த கையாலேயே சதையைப் பிடிக்கிறார், அதே கையால் சில்லறையும் தருகிறார்.

ஆனால் இந்த வழிக்கு வேறு யாரிடமும் இல்லாத ஒரு பலம் உண்டு: நேரம். அறுத்த அரைமணியில் உங்கள் அடுப்பில் இருக்கும். நல்ல வெப்பத்தில் ஈ.கோலை போன்ற கிருமி இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகக்கூடியது. அந்த அவகாசமே கொடுக்காமல் வேகவைத்துவிடுகிறீர்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

மறைந்திருக்கும் செலவு எடையில் இருக்கிறது. உயிர் எடையில் இரண்டு கிலோ வாங்கினால் தோலும் குடலும் போக ஒன்றே கால், ஒன்றரை கிலோவுக்குள்தான் கைக்கு வரும். பலகையில் எழுதியிருப்பது உயிர் விலையா கறி விலையா என்று பார்த்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

இந்த வழியில் வாங்குவதென்றால், காலை ஏழு மணிக்கு முன் போங்கள். கட்டை காய்ந்திருக்கும், தண்ணீர் புதிதாக இருக்கும். வாளியில் முக்க வேண்டாம், அப்படியே கொடுங்கள் என்று சொல்லுங்கள், வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம், ஈரலைப் பிள்ளைக்கென்று தனியாக எடுத்து வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. பிராய்லர் ஈரலைப் பொறுத்தவரை அதை நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து. மருந்து மிச்சம் எங்கே தேங்கும் என்று மேலே சொன்னேன். சின்ன உடம்புக்கு வாராவாரம் அதையே கொடுக்க ஒரு காரணமும் இல்லை.

## பாக்கெட் கோழி

இதில் இரண்டு வகை. பூஜ்யத்திலிருந்து நான்கு டிகிரிக்குள் குளிரவைத்தது ஒன்று, மைனஸ் 18-இல் கல்லாக உறையவைத்தது இன்னொன்று. உறையவைத்தால் கிருமி செத்துவிடும் என்று நினைக்கிறவர்கள் அதிகம். பெரும்பாலானவை சாகாது, தூங்கும். லிஸ்டீரியா என்ற ஒன்று ஃப்ரிட்ஜ் குளிரிலேயே மெதுவாகப் பெருகவும் செய்யும், கர்ப்பிணிகளுக்கு ஆபத்தானது.

பாக்கெட்டின் நியாயமான பலம், யார் பொறுப்பு என்பது அதன் மேலேயே அச்சாகியிருப்பது. 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், தொகுப்பு எண், தேதி எல்லாம் இருக்கும். ஏதாவது ஆனால் புகார் சொல்ல ஒரு முகவரி இருக்கிறது. அறுக்கும் இடமும் பொதுவாகத் தெருக்கடையைவிட ஒழுங்காக இருக்கும்.

'ஆன்டிபயாடிக்' சமாச்சாரத்தில் எழுத்தைக் கூர்ந்து படியுங்கள். 'ஆன்டிபயாடிக் மிச்சம் இல்லாதது' என்றால், மருந்து கொடுத்துவிட்டு அறுக்கும் முன் போதுமான நாள் விட்டிருக்கிறார்கள் என்றுகூட ஆகலாம். கறியில் மருந்து இல்லை, சரி. ஆனால் அந்த மருந்தைப் பார்த்துப் பழகிய கிருமி கோழியின் குடலில் இருந்ததா இல்லையா என்பதை அந்த வாசகம் சொல்லவில்லை. 'ஆன்டிபயாடிக் கொடுக்காமலே வளர்த்தது' என்பது வேறு, அதற்கு வளர்ப்பிலேயே செலவு கூடும். முதல் வாசகத்துக்கு நாற்பது ரூபாய் கூடுதலாகக் கொடுக்க நான் தயாரில்லை. இரண்டாவதற்கு, யார் சரிபார்த்துச் சான்று கொடுத்தார்கள் என்று பாக்கெட்டில் இருந்தால் யோசிக்கலாம்.

நம் கடற்கரையில் இந்த வழியின் பலவீனம் குளிர்ச்சங்கிலி. மதுரையிலிருந்து வரும்வரை ஒழுங்காக வந்தது, கடைக்காரர் கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரி ஃப்ரீஸரை அணைத்துவிட்டால் வீண். மே மாத மின்வெட்டைச் சொல்லவே வேண்டாம். துண்டுகள் எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டு, பாக்கெட் அடியில் ரோஸ் நிறப் பனிக்கட்டி தேங்கியிருந்தால் அது ஒருமுறை உருகி மறுபடி உறைந்தது. வாங்காதீர்கள்.

வீட்டில் நடக்கும் தவறும் உண்டு. காலையில் ஃப்ரீஸரிலிருந்து எடுத்து மேடையில் வைத்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்குச் சமைப்பது. நடுவில் இன்னும் பனிக்கட்டி, மேலே 35 டிகிரி. மேல்பரப்பில் கிருமிக்குத் திருவிழா. முந்தின ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், ஒரு கிண்ணத்துக்குள் வைத்துவிடுங்கள். உருகி வடியும் தண்ணீரும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய எடைதான் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## நாட்டுக்கோழி

முதலில், எந்த நாட்டுக்கோழி? ரோட்டோரப் பலகைகளில் 'நாட்டுக்கோழி' என்று விற்பதில் பெரும்பகுதி கொட்டகையில், வாங்கிய தீவனத்தில் மூன்று மாதம் வளர்ந்த கலப்பினம். மருந்து விஷயத்தில் அதைப் பிராய்லரின் தூரத்துச் சொந்தமாகவே நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மடங்கு விலை கொடுத்ததால் பயம் பாதியாகிவிடாது.

வீட்டு முற்றத்தில் மேய்ந்து வளர்ந்தது வேறு. அதற்குத் தினசரி மருந்து கிடையாது. ஆனால் வெள்ளைக்கழிச்சல் வந்தால் என்ன நடக்கிறது? மனிதருக்கு வாங்கி மிஞ்சிய கேப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறார்கள். வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நோய். ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. கோழி செத்தால் மருந்தும் வீண். பிழைத்தால் அது மருந்தால் பிழைத்ததல்ல, நடுவில் குடலில் இருந்த கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகியதுதான் மிச்சம். கால்நடைத் துறையின் தடுப்பூசி முகாமில் போட்டுக்கொண்டால் இந்த வேலையே இல்லை. தெரிந்த வீட்டில் வாங்கும்போது நான் கேட்கும் ஒரே கேள்வி, "சமீபத்துல கழிச்சல் வந்துச்சாக்கா?" என்பதுதான்.

இன்னொன்று, மேய்கிற கோழி எங்கே மேய்கிறது? குப்பைமேட்டிலும் சாக்கடை ஓரத்திலும். மனிதர் குடலிலிருந்து வந்த கிருமி அங்கே உண்டு. மருந்து தொடாத கோழியிலும் மருந்துக்கு மசியாத கிருமி இருக்க அதுவே போதும்.

இதற்கு எதிரே ஒரு பெரிய சௌகரியம், இந்தக் கறி லேசில் வேகாது. குக்கரில் ஏழெட்டு விசில் விட்டால்தான் பல்லுக்கு வசப்படும். அதற்குள் எந்தக் கிருமியும் மிஞ்சாது. சிக்கல் அதற்கு முன்னால் இருக்கிறது. பனையோலைத் தீயில் வாட்டி, மஞ்சள் தடவி, கொல்லையிலோ அடுப்படியிலோ உட்கார்ந்து குடலை உருவும் வேலை முழுவதும் நம் வீட்டிலேயே நடக்கிறது. கோழிக்கடையின் டிரம்மும் வாளியும் வீட்டுக்குள் வந்துவிட்டதாக அர்த்தம். பக்கத்தில் கைக்குழந்தை தவழும் வீட்டில் இதைச் செய்யாதீர்கள், கடையில் சுத்தம் செய்து வாங்குங்கள்.

## ஆட்டுக்கறி

சீமைக்கருவேல நெற்றும் தரிசுப் புல்லும் தின்று வளரும் நம் ஆடுகளுக்குத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பது வழக்கமில்லை. குடற்புழு மருந்து கொடுப்பார்கள், நோய் வந்தால் ஊசி. ஊசி போட்டும் தேறாத ஆட்டை நஷ்டத்துக்குப் பயந்து அடுத்த நாளே கறிக்கு விற்றுவிடுவதுண்டு, அங்கே மட்டும் மருந்து மிச்சத்துக்கு வழி இருக்கிறது. பொதுவாகப் பார்த்தால் மருந்து அளவுகோலில் ஆடு நன்றாகவே தேறும்.

அழுக்கில் தேறுவது கடையைப் பொறுத்தது. நகராட்சி ஆடு அறுக்கும் கூடத்தில் சோதித்து முத்திரை குத்தியதா என்று தொடைப் பக்கம் பாருங்கள். ஊர்ப்புறக் கடைகளில் பின்பக்கமே அறுத்து முன்பக்கம் தொங்கவிடுவதுதான் நடப்பு. காலை ஐந்து மணிக்குத் தொங்கவிட்ட தொடை பதினொரு மணி வரை ரோட்டுப் புழுதியையும் ஈயையும் வாங்கிக்கொண்டு தொங்கும். ஆறு மணிக்கும் பதினொரு மணிக்கும் ஒரே விலை, ஆனால் அதே கறி அல்ல.

நான் தவிர்க்கச் சொல்வது இரண்டு. கடை மெஷினில் அரைத்த கொத்துக்கறி: துண்டின் மேல்பரப்பில் மட்டும் இருந்த கிருமியை அரைத்து உள்ளே எல்லாம் கலந்துவிடுகிறார்கள், மெஷினைப் பிரித்துக் கழுவுவதும் அபூர்வம். கத்தியால் கொத்தித் தரச் சொல்லுங்கள், அல்லது வீட்டில் அரையுங்கள். அடுத்தது குடல். ருசி எனக்கும் தெரியும். ஆனால் குடலை வீட்டில் அலசும் வேலை அடுப்படிக்குள் கொண்டுவருகிற கிருமிக்கு ஈடாக வேறெதுவும் இல்லை. கடையிலேயே கொதிநீரில் சுத்தம் செய்து தருகிறவரிடம் மட்டும் வாங்குங்கள்.

சுவரொட்டியை (ஆட்டு மண்ணீரலை) தணலில் லேசாக வாட்டி, ரத்தம் ஊறும் என்று பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுப்பதும் உண்டு. கொடுங்கள், உள்ளே சிவப்பு மாறும்வரை வேகவைத்துக் கொடுங்கள்.

விலை பிராய்லரைப் போல மூன்று, நான்கு மடங்கு. அதில் எலும்பும் கொழுப்பும் எவ்வளவு விழும் என்பது உங்களுக்கும் கடைக்காரருக்கும் உள்ள பழக்கத்தைப் பொறுத்தது. மருந்துப் பயத்துக்காக மட்டும் கோழியை முழுதாக விட்டு ஆட்டுக்கு மாறுவது நடுத்தரக் குடும்பத்துக்குத் தேவையில்லாத செலவு என்பேன். கோழியை வாரம் மூன்றிலிருந்து ஒன்றாக்கி, மீதி நாள் முட்டையும் கருவாடும் பருப்புமாக ஓட்டினால் அதைவிடக் குறைந்த செலவில் அதே பலன்.

## இறாலும் மீனும்

கடலில் பிடித்த மீனுக்கு யாரும் மருந்து கொடுப்பதில்லை. பண்ணை இறால் வேறு கதை. தடை செய்த மருந்து மிச்சத்துக்காக ஐரோப்பா இந்திய இறாலைத் திருப்பி அனுப்பியதும், 2016-இல் சோதிக்கும் பங்கை 10 சதவீதத்திலிருந்து 50 ஆக உயர்த்தியதும் உண்டு. ஏற்றுமதிச் சரக்குக்கு அந்தச் சோதனை இருக்கிறது, தெருவில் வரும் இறாலுக்கு அது இல்லை. தடைக்காலத்தில் ஒரே அளவாக, பெரிதாக, மலிவாக இறால் வந்தால் அது பண்ணையிலிருந்துதான். சூரை, அயிலை மீன்களை ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்திருந்தால் ஹிஸ்டமின் உண்டாகும். அது சமைத்தாலும் போகாது, உடம்பெல்லாம் தடித்து முகம் சிவக்கும்.

## ஒரே பார்வையில்

| | மருந்து பற்றிய சந்தேகம் | அறுக்கும் இடத்து அழுக்கு | அடுப்பு ஏறும்வரை நேரம் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| தெருக்கடை பிராய்லர் | அதிகம் | அதிகம், கூட்ட நேரத்தில் மிக அதிகம் | மிகக் குறைவு | உயிர் எடை, கறி எடை வித்தியாசம் |
| பாக்கெட் கோழி | வாசகத்தைப் பொறுத்து | குறைவு | நாள் கணக்கு. குளிர் விடாமல் இருந்தால் சரி | உருகும் தண்ணீர், மின்வெட்டு |
| முற்றத்து நாட்டுக்கோழி | குறைவு, கழிச்சல் காலம் தவிர | நம் வீட்டிலேயே | குறைவு | விலை, வீட்டில் சுத்தம் செய்யும் வேலை |
| பண்ணை நாட்டுக்கோழி | நடுத்தரம் முதல் அதிகம் | கடையைப் பொறுத்து | குறைவு | பெயருக்குக் கொடுக்கும் கூடுதல் விலை |
| ஆட்டுக்கறி | குறைவு | முத்திரையையும் நேரத்தையும் பொறுத்து | காலையில் குறைவு, மதியம் அதிகம் | எலும்பு, கொழுப்பு |

## எதை வாங்கினாலும் அடுப்படியில்

பிரியாணிக்குப் பக்கத்தில் தயிர்ப்பச்சடி இல்லாமல் இந்தக் கடற்கரையில் இலை போடுவதில்லை. அந்த வெங்காயத்தை எங்கே அரிந்தீர்கள்? கறி வெட்டிய அருவாமனையிலேயே என்றால், ஒரு மணி நேரம் தம் போட்டுக் கொன்ற கிருமியை வேகவைக்காத பச்சடி வழியாக இலைக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். வெங்காயம், மல்லி, எலுமிச்சையை முதலில் முடியுங்கள், கறியைக் கடைசியில் தொடுங்கள். தண்ணீர் கூடுதலாகச் செலவாகாது, வரிசையை மாற்றினால் போதும்.

கறியைக் குழாயடியில் நேராகப் பிடித்துக் கழுவினால் தெறிக்கும் துளி மேடை முழுக்கப் பரவும். கழுவாமல் சமைக்க நம் வீடுகளில் யாருக்கும் மனம் வராது, எனக்கும் வராது. அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி அதற்குள் மெதுவாக அலசி, அந்தத் தண்ணீரை மேடையில் சிந்தாமல் கொட்டுங்கள். மஞ்சள் வாடையை எடுக்கும், கிருமிநாசினி வேலைக்கு அதை நம்ப வேண்டாம். கட்டையைச் சோப்பால் தேய்த்து, ஒரு செம்பு கொதிநீர் ஊற்றி வெயிலில் காயவையுங்கள். தண்ணீர் இல்லாத ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை.

## யாருக்கு எது

ஃப்ரிட்ஜ் இல்லை, அன்றைக்கு வாங்கி அன்றைக்கே சமைப்பவர் என்றால் காலை ஏழு மணிக்கு முன் தெருக்கடைப் பிராய்லர். கடையைத் தேர்ந்தெடுக்கும்போது விலையைவிட, குழாய்த் தண்ணீர் ஓடுகிறதா வாளி இருக்கிறதா என்று பாருங்கள்.

இருவரும் வேலைக்குப் போய் வாரத்துக்கு ஒருமுறை வாங்கி வைப்பவர்கள், இன்வெர்ட்டரும் நல்ல ஃப்ரீஸரும் இருந்தால் உறையவைத்த பாக்கெட். ஒரு நாளைக்கு வேண்டியதை மட்டும் தனித்தனியாகக் கட்டி வையுங்கள், உருகியதை மறுபடி உறையவைக்காதீர்கள்.

புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், சிறுநீரகம் மாற்றியவர், பிறந்து ஓராண்டு ஆகாத பிள்ளை இருக்கும் வீடு: காலையில் முத்திரை குத்திய ஆட்டுக்கறி அல்லது நம்பகமான பாக்கெட் கோழி. பச்சைக்கறியைத் தொடுகிறவரும் அவருக்கு ஊட்டுகிறவரும் வேறு ஆளாக இருந்தால் நல்லது.

கல்யாணம், வலிமா, கந்தூரி என்று பெரிய அளவில் சமைப்பவர்களுக்கு ஆடுதான் என் தேர்வு, ஆனால் நிபந்தனையோடு. அறுப்பு விடிகாலையில், கறி ஆறு மணிக்குள் அண்டாவில். பெரிய அண்டாவில் மிஞ்சியதுதான் ஆபத்து. சமைத்த சூட்டிலும் தாக்குப்பிடிக்கும் கிருமி விதைகள் மெதுவாக ஆறும் பிரியாணியின் நடுவில் முளைத்துப் பெருகும். பார்சலுக்கென்று ஒதுக்குவதைச் சூட்டோடு சிறு சிறு பாத்திரங்களில் பிரித்துவிடுங்கள். மதியம் கட்டிய பொட்டலத்தை ராத்திரி பத்து மணிக்குப் பிரித்துச் சாப்பிட வேண்டாம்.

இவ்வளவுக்கும் மீறி வயிற்றுப்போக்கு வந்துவிட்டால், உப்புச் சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) குடியுங்கள். பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும், ஆன்டிபயாடிக் தேவைப்படாது. மெடிக்கல் ஷாப்பில் சிப்ரோவோ அசித்ரோவோ கேட்டு வாங்கி இரண்டு வேளை போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். ரத்தம் போனாலோ, காய்ச்சல் விடாமல் அடித்தாலோ, பிள்ளை சிறுநீர் கழிக்காமல் துவண்டாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். அங்கே முடிந்தால் மருந்து தொடங்கும் முன்பே மலத்தைக் கல்ச்சர் சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். எந்த மருந்துக்கு அந்தக் கிருமி மசியும் என்பது அதில்தான் தெரியும்.